கைவிளக்கேந்திய காரிகையும் 7,700 ரூபாயும்

வருஷா வருஷம் மே 12 வந்தால் ஒரு காட்சி தவறாமல் நடக்கும். நர்சிங் கல்லூரி மாணவிகள் வெள்ளைச் சீருடையில் வரிசையாக நிற்பார்கள். கையில் மெழுகுவர்த்தி. நைட்டிங்கேல் உறுதிமொழி வாசிப்பார்கள். மேடையில் இருக்கும் பெரிய மனிதர் மைக்கைப் பிடித்து, "நீங்களெல்லாம் வெள்ளுடை தேவதைகள், இது வேலை இல்லை, சேவை" என்பார். கைதட்டல், பொன்னாடை, டீ, பிஸ்கட். மறுநாள் காலை அதே தேவதைக்கு வார்டில், "ஏம்மா, எவ்வளவு நேரமா கூப்பிடறேன், காது கேக்கலியா?" என்ற அர்ச்சனையோடு டியூட்டி ஆரம்பிக்கும்.

தேவதையிடம் ஒரு வசதி உண்டு. அதற்குப் பசிக்காது, தூக்கம் வராது, வீட்டு வாடகை கட்ட வேண்டாம். அதனால்தான் அந்தப் பட்டத்தை இவ்வளவு தாராளமாகக் கொடுக்கிறார்கள். சம்பளத்தை விட அது ரொம்ப மலிவு.

டெல்டாவில் யாரைக் கேட்டாலும் ஒரு நர்ஸ் கதை கைவசம் இருக்கும். எரிந்து விழுந்தது, நரம்பு கிடைக்காமல் நாலு இடத்தில் குத்தியது, போனில் பேசிக்கொண்டே ட்ரிப்ஸ் போட்டது... கதை முடிந்ததும் ஒரு தீர்ப்பு வரும்: "இவங்களுக்குப் புரொபஷனலிசமே கிடையாது." அதற்கு வால் பிடித்து இன்னொன்று: "லண்டன், சிங்கப்பூர் போய்ப் பாருங்க, எப்படிச் சிரிச்ச முகமா பார்த்துக்கறாங்க!"

அங்கே சிரித்த முகமாகப் பார்த்துக்கொள்பவரின் பேட்ஜைப் படித்துப் பார்த்தால் விஷயம் வேறு மாதிரி இருக்கும். பல நேரம் அது கோட்டயத்துப் பெண்ணாக இருக்கும், பட்டுக்கோட்டைப் பெண்ணாகவும் இருக்கலாம். அதே பாடப் புத்தகம், அதே கை. விமானம் ஏறி இறங்கிய சில மணி நேரத்தில் ஒருவருக்குக் குணம் மாறிவிடுமா? மாறியது வார்டு.

புரொபஷனலிசம் என்பதைப் பிறவிக் குணம் மாதிரி பேசுவதில்தான் தப்பு ஆரம்பிக்கிறது. அது விளைச்சல் மாதிரி. விதை நன்றாக இருந்தாலும் கடைமடைக்குத் தண்ணீர் வராவிட்டால் பயிர் கருகத்தான் செய்யும். கடைமடை விவசாயியிடம் போய், "உனக்கு உழவே தெரியலப்பா" என்று சொல்கிறவனை தஞ்சாவூர் ஜில்லாவில் சும்மா விடமாட்டார்கள். நர்ஸ்களிடம் மட்டும் தினமும் அதையே சொல்லலாம், யாரும் கேட்க மாட்டார்கள்.

இதற்கு முதல் சாட்சி வேறு யாருமில்லை, அந்தக் கைவிளக்கேந்திய காரிகையேதான்.

கிரிமியப் போரின்போது ஸ்குடாரி ராணுவ மருத்துவமனைக்கு ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் 1854 கடைசியில் போய்ச் சேர்ந்தார். விளக்கும் இருந்தது, அன்பும் இருந்தது, ஒழுங்கும் இருந்தது. ஆனாலும் 1855 பிப்ரவரியில் அங்கே 100 நோயாளிக்கு 42 பேர் செத்தார்கள். மார்ச்சில் லண்டனிலிருந்து ஒரு சுகாதாரக் குழு வந்து, கட்டடத்தின் அடியில் அடைத்துக்கிடந்த சாக்கடையைச் சுத்தம் செய்தது, குடிதண்ணீரைச் சரிசெய்தது, காற்றோட்டத்துக்கு வழி செய்தது. ஜூனில் சாவு 100-க்கு 2 ஆனது. விளக்கு அதே விளக்குதான், மாறியது சாக்கடை. ஊருக்குத் திரும்பியதும் நைட்டிங்கேல் செய்த காரியம் கணக்குப் போட்டது. எத்தனை பேர் எதனால் செத்தார்கள் என்று வண்ணப் படம் வரைந்து அரசாங்கத்தின் முகத்தில் காட்டினார். லண்டன் புள்ளியியல் சங்கத்தில் சேர்க்கப்பட்ட முதல் பெண் அவர்தான்.

இன்னொரு விஷயம் மே 12 மேடைகளில் வரவே வராது. நைட்டிங்கேலுக்கு அவருடைய அப்பா 1853 முதல் வருஷத்துக்கு 500 பவுண்டு கொடுத்துக்கொண்டிருந்தார். அந்தக் காலத்தில் அது பெரிய பணம். அதனால் அவரால் சம்பளம் வாங்காமல் வேலை பார்க்க முடிந்தது. ஆனால் மற்றவர்களையும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. 1860-ல் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் அவர் ஆரம்பித்த பள்ளியில் பயிற்சிக்கு வந்த பெண்களுக்கே தங்குமிடம், சாப்பாடு, கைச்செலவுக்குப் பணம் எல்லாம் உண்டு. உறுதிமொழியில் அவர் பெயரை வைத்துக்கொண்டவர்கள் இந்தப் பகுதியை மட்டும் லேசாக மறந்துவிட்டார்கள்.

டெல்டாக்காரர்களுக்கு இதில் ஒரு சொந்தமும் இருக்கிறது. முக்கொம்பில் 1836-ல் கொள்ளிடத்துக்குக் குறுக்கே மேலணை கட்டி, தஞ்சாவூர் வயலுக்குக் காவிரித் தண்ணீர் தப்பாமல் வர வழிசெய்த ஆர்தர் காட்டனை நைட்டிங்கேல் மிகவும் மதித்தார். இந்தியாவுக்குப் பாசனம் வேண்டும் என்று அவரோடு சேர்ந்து வருஷக்கணக்கில் எழுதினார். பஞ்சத்தில் கஞ்சி ஊற்றுவதை விட வாய்க்கால் வெட்டுவது முக்கியம் என்று தெரிந்த நர்ஸ் அவர். இன்று அவர் பேரில் நடப்பதெல்லாம் கஞ்சி ஊற்றும் வேலை. வாய்க்கால் பேச்சே இல்லை.

சரி, இங்கே அடைத்துக்கிடக்கும் சாக்கடைகள் எவை?

முதலாவது, தலைக்கணக்கு.

காமர்ஸ் படிக்கிறவர்களுக்குத் தெரிந்த ஒரு விதி: 2013 கம்பெனிகள் சட்டம் 141-வது பிரிவின்படி ஒரு ஆடிட்டர் 20 கம்பெனிகளுக்கு மேல் ஆடிட்டராக இருக்கக் கூடாது (சின்னக் கம்பெனிகளுக்கு விலக்கு உண்டு). ஏன்? அதற்கு மேல் போனால் எவ்வளவு நல்ல ஆடிட்டராக இருந்தாலும் கண் தப்பும். தப்பினால் பங்குதாரர் பணம் போகும். ரொம்ப நியாயமான விதி.

ஒரு நர்ஸ் எத்தனை நோயாளியைப் பார்க்கலாம்? இந்திய நர்சிங் கவுன்சில் கணக்குப்படி, மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் பொது வார்டில் 3 நோயாளிக்கு 1 நர்ஸ், மற்ற மருத்துவமனைகளில் 5-க்கு 1, தீவிர சிகிச்சைப் பிரிவில் 1-க்கு 1. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இது வெறும் பரிந்துரை. மீறினால் எந்த நிர்வாகிக்கும் அபராதம் கிடையாது. கணக்குப் புத்தகத்துக்குச் சட்டப்படி உச்சவரம்பு இருக்கிறது, உயிருக்கு இல்லை.

அரசு மருத்துவமனையில் ஒரு ராத்திரி துணைக்குப் படுத்தவர்களுக்கு அந்தக் காட்சி தெரியும். நீள வார்டு, கட்டில் போதாமல் கீழே பாயிலும் நோயாளி, நடு மேஜையில் ஒற்றை நர்ஸ். 12 மணி நேர நைட் டியூட்டி, 40 நோயாளி என்று வைத்துக்கொண்டால், 720 நிமிஷத்தை 40-ஆல் வகுத்தால் தலைக்கு 18 நிமிஷம். அதற்குள் பிரஷர், காய்ச்சல் பார்க்க வேண்டும், ஊசி போட வேண்டும், ட்ரிப்ஸ் மாற்ற வேண்டும், புது அட்மிஷனைப் படுக்க வைக்க வேண்டும், டியூட்டி டாக்டரைத் தேட வேண்டும், எல்லாவற்றையும் நோட்டில் எழுதவும் வேண்டும். ஒரு நோயாளிக்கு மூச்சு முட்டி ஒரு மணி நேரம் அவரிடமே நின்றால் மீதி 39 பேரின் நேரம் போச்சு. அந்த 39 பேரில் ஒருவருடைய மகன்தான் மறுநாள் "எரிஞ்சு விழுந்தா" கதை சொல்லப் போகிறவர்.

இது வெறும் புலம்பல் இல்லை. அமெரிக்காவில் லிண்டா ஐக்கன் குழுவினர் பென்சில்வேனியா மாநிலத்தில் 168 மருத்துவமனைகளின் கணக்கை எடுத்து 2002-ல் வெளியிட்டார்கள். ஒரு நர்ஸின் பொறுப்பில் ஒரே ஒரு நோயாளி கூடினால், அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடுகிறது. நர்ஸ் மனம் வெறுத்துப்போகும் வாய்ப்பு 23 சதவீதம் கூடுகிறது. கலிபோர்னியாவில் 1999-ல் சட்டம் போட்டு 2004 முதல் தலைக்கணக்கைக் கட்டாயமாக்கினார்கள். அங்கே பொது வார்டில் ஒரு நர்ஸுக்கு 5 நோயாளிக்கு மேல் கொடுத்தால் சட்ட மீறல்.

இப்போது தஞ்சாவூருக்கே வரலாம். 2021 ஜூனில் இராசா மிராசுதார் அரசு மருத்துவமனையில், பிறந்து இரண்டு வாரமான குழந்தையின் கையிலிருந்த ஊசியை எடுக்கும்போது நர்ஸின் கத்தரிக்கோல் பட்டுக் கட்டைவிரல் நுனி துண்டானது. ஊரே கொதித்தது. கொதிக்க வேண்டியதுதான். பச்சைக் குழந்தையின் கையில் ஒட்டிய பிளாஸ்திரியை நனைத்து மெதுவாக உரிக்க வேண்டும், கத்தரிக்கோல் அங்கே போகவே கூடாது. அதில் ரெண்டாவது பேச்சு கிடையாது.

ஆனால் மற்ற கேள்விகள்? அந்த நேரத்தில் அந்த வார்டில் எத்தனை குழந்தைக்கு எத்தனை நர்ஸ்? கொரோனா இரண்டாவது அலையின் நடுவில் எத்தனை பேர் வேறு வார்டுக்கு இழுக்கப்பட்டிருந்தார்கள்? பச்சைக் குழந்தைகளைப் பார்க்கத் தனிப் பயிற்சி யாருக்குக் கொடுக்கப்பட்டிருந்தது? ஊர்ப் பேச்சில் இவை வரவே இல்லை. ஒரு பெண்ணைத் திட்டியதோடு ஊருக்குக் கோபம் தீர்ந்துவிட்டது. தப்பு செய்தவரைத் தண்டிப்பதும், தப்பு எங்கிருந்து வந்தது என்று தேடுவதும் இரண்டு தனித்தனி வேலை. முதல் வேலையை மட்டும் செய்கிற ஊரில் அடுத்த குழந்தைக்குப் பாதுகாப்பு கிடையாது.

இரண்டாவது சாக்கடை, "தொகுப்பூதியம்" என்கிற அழகான தமிழ்ச் சொல்.

2015-ல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம், அதாவது எம்.ஆர்.பி., ஏழாயிரத்துச் சொச்சம் நர்ஸ் இடங்களுக்குப் பரீட்சை வைத்தது. படித்து எழுதிப் பாஸ் பண்ணி வேலைக்கு வந்தவர்களுக்கு மாதம் 7,700 ரூபாய். பக்கத்தில் நின்று அதே ஊசியைப் போடுகிற நிரந்தர நர்ஸின் சம்பளத்தில் பாதிகூட இல்லை. இரண்டு வருஷத்தில் நிரந்தரம் என்ற நம்பிக்கையில் வந்தவர்கள், அது நடக்காததால் 2017 நவம்பர் கடைசியில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் உட்கார்ந்தார்கள். நோயாளிகளை விட்டுவிட்டு வரலாமா என்று அப்போதுதான் எல்லோருக்கும் "சேவை" ஞாபகம் வந்தது. ஹைகோர்ட் உத்தரவுக்குப் பிறகு வேலைக்குத் திரும்பினார்கள். 7,700 பிறகு 14,000 ஆனது, அப்புறம் 18,000 ஆனது. ஒப்பந்தம் என்ற சொல் மட்டும் போகவில்லை.

அடுத்து கொரோனா. 2020 மார்ச் 22 சாயங்காலம் 5 மணிக்கு நாடே கை தட்டியது. மே 3-ம் தேதி ஆஸ்பத்திரிகள் மேல் விமானப்படை ஹெலிகாப்டர் பூத் தூவியது. அந்த வருஷம் அவசரத்துக்கு எடுக்கப்பட்ட நர்ஸ்களில் 2,300-க்கும் மேற்பட்டவர்களை 2022 டிசம்பர் 31-ம் தேதியோடு வீட்டுக்குப் போகச் சொன்னது அரசாங்கம். இட ஒதுக்கீட்டு முறைப்படி எடுக்கவில்லை என்பது சொன்ன காரணம். காரணம் சரியாகவே இருக்கட்டும். முறைப்படி எடுக்காதது யார் தப்பு? கவச உடைக்குள் வியர்த்துக்கொண்டிருந்தவர்கள் தப்பா? பிறகு மாவட்ட அளவில் வேறு ஒப்பந்த வேலை தருவதாகச் சொன்னார்கள். ஒப்பந்தத்துக்கு மருந்து இன்னொரு ஒப்பந்தம்! 2025 டிசம்பரிலும் ஒப்பந்த நர்ஸ்கள் சென்னையில் போராடத்தான் செய்தார்கள். ஆட்சி மாறியது, தெருவில் உட்காரும் இடம்தான் மாறியது.

டெல்டா மண்ணுக்கு இது புதிதில்லை. வருஷம் முழுக்க வயலில் கிடந்தாலும் எந்தக் கணக்கிலும் பேர் ஏறாத பண்ணையாள் முறையை இந்த ஜில்லா பார்த்திருக்கிறது. நினைத்தால் வைத்துக்கொள்ளலாம், நினைத்தால் விரட்டலாம். அவருக்கே 1952-ல் தஞ்சாவூர் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. காரணமில்லாமல் விரட்டக் கூடாது, கூலி இவ்வளவு என்று எழுத்தில் வந்தது. பி.எஸ்ஸி. நர்சிங் படித்து, அரசாங்கப் பரீட்சையில் தேறி, உயிரைக் கையில் வைத்திருப்பவருக்கு அந்த உத்தரவாதம் பத்து வருஷமாகியும் இழுபறி என்றால் என்ன சொல்வது? என்ன கொடுமை சார் இது!

தனியாரில் கதை இன்னும் மோசம். டிஸ்சார்ஜ் பில்லில் "நர்சிங் சார்ஜ்" என்று ஒரு வரி இருக்கும். நாளைக்கு 500 ரூபாய், ஒரு ஷிப்டில் ஒரு நர்ஸுக்கு 8 நோயாளி என்று உதாரணத்துக்கு வைத்துக்கொண்டால் மாதம் 1,20,000 ரூபாய். மூன்று ஷிப்டுக்கும் லீவுக்கும் சேர்த்து 4 நர்ஸுக்குப் பிரித்தால் ஆளுக்கு 30,000. இதைப் படிக்கிறவர்கள் வீட்டில் இருக்கும் பழைய பில்லை எடுத்து அதே கணக்கைப் போட்டுவிட்டு, தெரிந்த நர்ஸ் ஒருவரிடம் கையில் எவ்வளவு வருகிறது என்று கேட்டுப் பார்க்கலாம்.

2016 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் சொன்னதன் பேரில் மத்திய அரசு ஒரு குழு போட்டது. 200 படுக்கைக்கு மேல் உள்ள தனியார் மருத்துவமனையில் அரசு நர்ஸுக்குச் சமமான சம்பளம், 100-க்கு மேல் என்றால் 10 சதவீதத்துக்கு மேல் குறையக் கூடாது, 50 முதல் 100 வரை என்றால் 25 சதவீதம், 50-க்குக் கீழே என்றாலும் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்றது அந்தக் குழு. கேரளாவில் நர்ஸ்கள் 2011 முதல் சங்கம் வைத்துப் போராடியதால், 2018-ல் அந்த அரசாங்கம் குறைந்தபட்சம் 20,000 என்று அறிவிப்பே போட்டது. அறிக்கை எல்லா மாநிலத்துக்கும் ஒன்றுதான். கேட்க ஆள் இருந்த இடத்தில் பணமாகிறது, இல்லாத இடத்தில் பொட்டலம் மடிக்கிற காகிதமாகிறது. இதோடு ஒரிஜினல் சர்டிபிகேட்டைப் பிடுங்கி பீரோவில் வைத்துக்கொள்ளும் பாண்டு முறை வேறு. ஒத்திக்கு வைத்த நிலத்தை மீட்கிற மாதிரி, படித்த படிப்பையே மீட்க வேண்டியிருக்கிறது.

மூன்றாவது சாக்கடையைப் பற்றி நர்ஸ்களே அதிகம் பேசுவதில்லை. அது வாய்.

தொழில்முறையாளர் என்பதற்கு ஒரே ஒரு சோதனை வைத்தால் போதும்: தப்பென்று தெரிந்தால் "மாட்டேன்" என்று சொல்ல முடியுமா? ஆடிட்டர் கணக்கு சரியில்லை என்றால் அறிக்கையில் அப்படியே எழுதலாம், சட்டம் அவர் பக்கம் நிற்கும். டாக்டர் எழுதிய டோஸ் கூடுதல் என்று தெரிந்த நர்ஸ் என்ன செய்வார்? நிரந்தர வேலை என்றால் துணிந்து கேட்பார். ஒப்பந்த வேலை என்றால் நாலு முறை யோசிப்பார். டாக்டர் வந்தால் எழுந்து நிற்கக் கற்றுக்கொடுக்கிற அளவுக்கு எதிர்க் கேள்வி கேட்க எத்தனை கல்லூரியில் கற்றுக்கொடுக்கிறார்கள்?

பெயரை மட்டும் மாற்றுகிறார்கள். மத்திய அரசு மருத்துவமனைகளில் 2016-ல் ஸ்டாஃப் நர்ஸ் என்பது "நர்சிங் ஆபீசர்" ஆனது. சந்தோஷம். ஆபீசருக்கு அதிகாரம் எங்கே?

வழி தெரியாமல் இல்லை. வேலூர் சி.எம்.சி.யில் 1909-லேயே நர்ஸ் பயிற்சி தொடங்கியது. 1946-ல் அங்கே பி.எஸ்ஸி. நர்சிங் வந்தது, நாட்டிலேயே முதலாக வந்த இரண்டு இடங்களில் ஒன்று. பாடம் நடத்துகிறவர்களே வார்டிலும் பொறுப்பில் இருப்பது அங்கே வழக்கம். படித்தது ஒன்று, செய்வது ஒன்று என்ற பேச்சு அங்கே எடுபடாது. நூறு வருஷத்துக்கு முன் இதே தமிழ்நாட்டில் முடிந்தது இப்போது முடியாதா?

இந்த இடத்தில் ஒரு எதிர்வாதம் வரும், வர வேண்டும். "பிரசவ வார்டில் ஆண் குழந்தைன்னா ஒரு ரேட், பெண் குழந்தைன்னா ஒரு ரேட்டுன்னு கை நீட்டறாங்களே, அதுக்கும் சம்பளம்தான் காரணமா?" இல்லை. அதற்குச் சாக்கே கிடையாது. கை நீட்டுவது ஆயாவோ, வார்டு பாயோ, நர்ஸோ, யாராக இருந்தாலும் ஏழையின் மடியில் கைவைக்கும் திருட்டு. ஏச்சும் பேச்சும் வாங்கிக்கொண்டு பிரசவம் பார்த்த பெண்ணிடம் போய்த் தலைக்கணக்கு விளக்கம் சொல்ல முடியாது. நர்ஸ் வேலை கஷ்டமானது என்பது நோயாளியை அவமானப்படுத்த உரிமை ஆகாது.

ஆனால் அதற்கும் மருந்து மே 12 உபதேசம் இல்லை. 1926 சட்டப்படி தமிழ்நாட்டில் நர்ஸ்களுக்கென்று ஒரு கவுன்சில் இருக்கிறது, பதிவேடு இருக்கிறது, அதிலிருந்து பேரை நீக்கும் அதிகாரம் இருக்கிறது. அப்படி ஒரு இடத்தில் புகார் கொடுக்கலாம் என்று எத்தனை நோயாளிக்குத் தெரியும்? தன் ஆளைத் தானே கண்டிக்கிற தைரியம் இருக்கிற தொழிலைத்தான் மற்றவர்கள் மதிப்பார்கள். நர்ஸ் சங்கங்கள் சம்பளத்துக்குக் குரல் கொடுக்கிற அதே சத்தத்தோடு, லஞ்சத்துக்கு எதிராகவும் குரல் கொடுத்தால் ஊர் அவர்கள் பின்னால் நிற்கும். இப்போது பாதி ஊர் நிற்காததற்கு அதுவும் ஒரு காரணம்.

செய்ய வேண்டியது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. ஒவ்வொரு வார்டு வாசலிலும் ஒரு கரும்பலகை. இந்த ஷிப்டில் நோயாளி இத்தனை, நர்ஸ் இத்தனை என்று சாக்பீஸால் எழுத வேண்டும். நெல் கொள்முதல் நிலையத்தில் விலை எழுதுகிற மாதிரி. மறைக்க ஒன்றுமில்லை என்றால் எழுதுவதில் என்ன கஷ்டம்? இரண்டாவது, பரீட்சை எழுதி வந்த ஒப்பந்த நர்ஸ் எந்தத் தேதியில் நிரந்தரம் என்பது வேலை உத்தரவிலேயே இருக்க வேண்டும். மூன்றாவது, 2016 குழுவின் சம்பளக் கணக்கைத் தமிழ்நாட்டில் சட்ட பலமுள்ள அறிவிப்பாக்க வேண்டும். நான்காவது, நோயாளியின் புகாரும் நர்ஸின் புகாரும் ஒரே கவுன்சிலில், ஒரே கெடுவுக்குள் விசாரிக்கப்பட வேண்டும்.

இத்தனையும் கொடுத்த பிறகும் ஒரு நர்ஸ் எரிந்து விழுந்தால், அன்றைக்குத் தாராளமாகச் சொல்லலாம், "இவருக்குப் புரொபஷனலிசம் இல்லை" என்று. அதுவரை அந்தக் கேள்வியை வார்டு நர்ஸிடம் கேட்பது முறையில்லை. மாடியில் ஏ.சி. அறையில் நர்ஸ் எண்ணிக்கையை முடிவு செய்கிறவரிடம் கேட்க வேண்டும்.

அடுத்த மே 12-க்கு மெழுகுவர்த்தி வேண்டாம். அந்தக் கரும்பலகையை மாட்டுங்கள். நைட்டிங்கேல் உயிரோடு இருந்தால் முதலில் அதைத்தான் படிப்பார்.